வயதான பூனையின் விடாத இருமல்: ஸ்டீராய்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். 14 வயதுப் பெண் பூனை. ஐந்து மாதமாக இருமல். முதலில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, இப்போது தினமும். ஹேர்பால் (நக்கி விழுங்கிய முடி வயிற்றில் உருண்டு சேர்வது) என்று நினைத்து இரண்டு மாதம் அதற்கான பேஸ்ட் கொடுத்தாயிற்று. அப்புறம் இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக். எக்ஸ்ரேயில் 'பெரிதாக ஒன்றும் இல்லை'. சாப்பிடுகிறது, ஆனால் கொஞ்சம் இளைத்திருக்கிறது. நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். போடலாமா, இல்லை காரணத்தைத் தேடுவதா?

ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான் என் பதில். ஸ்டீராய்டே கூடாது என்று சொல்லவில்லை. இந்தப் பூனையின் வைத்தியம் கடைசியில் ஸ்டீராய்டில் போய் முடிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுத் தேட ஆரம்பித்தால் பாதித் தடயம் அழிந்துபோயிருக்கும். ஒவ்வாமை இருமலும் அதில் குறையும், புழுவால் வந்த இருமலும் குறையும், லிம்ஃபோமா என்ற புற்றுநோய்கூடச் சில வாரம் சுருங்கிக் காட்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தருகிற சோதனை எதையும் பிரித்துக் காட்டாது.

முதலில் இது இருமல்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், இதில் தடுக்கி விழுகிறவர்கள் நிறைய. பூனை நாயைப் போல நின்றபடி இருமாது. தரையோடு பதுங்கி, முன்கால் முட்டிகளை வெளிப்பக்கம் விரித்து, கழுத்தை நேராக முன்னால் நீட்டி, விட்டு விட்டு இருமும். முடியும்போது ஒரு எக்கல், நாலைந்து முறை விழுங்கல், உதட்டை நக்கிக்கொள்ளல். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து போய்விடும். அந்தக் கடைசி எக்கலைப் பார்த்துத்தான் 'முடி மாட்டியிருக்கிறது' என்று நினைத்துவிடுகிறோம். முடி சேர்வது இரைப்பையில். மூச்சுக்குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிஜமாகவே முடியைக் கக்கும் பூனைக்கு வயிறு அலை அலையாகச் சுருங்கும், கடைசியில் ஏதாவது வெளியே வரும். பத்து முறை எக்கி பத்து முறையும் தரை சுத்தமாக இருந்தால் அதை இருமல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டரின் மேசை மேல் ஏறியபிறகு எந்தப் பூனையும் இருமிக் காட்டுவதில்லை. அந்த அரை நிமிட வீடியோவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனையின் மதிப்பு உண்டு.

பேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. பாதத்தில் தடவி, பூனை தானாக நக்கிக்கொண்டது என்றால் கவலைப்பட ஏதுமில்லை. ஆனால் சிலர் லிக்விட் பாரஃபினையோ வேறு எண்ணெயையோ சிரிஞ்சில் எடுத்து வாயில் ஊற்றிவிடுகிறார்கள். அதற்கு ருசியும் இல்லை, எரிச்சலும் இல்லை என்பதால் மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் பூனை உடனே இருமித் துப்பாது. நுரையீரலில் தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். இருமலுக்கு வைத்தியம் என்று கொடுத்ததே இருமலுக்குக் காரணமாகிவிடும். அப்படி எதுவும் ஊற்றியிருந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதை வைத்து எக்ஸ்ரேயைப் பார்க்கும் பார்வையே மாறும்.

அடுத்தது வயது. பூனை ஆஸ்துமா பெரும்பாலும் இளவயதிலோ நடுவயதிலோ தலைகாட்டும் நோய். 13 வயது வரை ஒரு முறைகூட இருமாத பூனை திடீரென்று இருமத் தொடங்கினால், ஆஸ்துமா என்று உடனே முத்திரை குத்த எனக்குக் கை வராது. அதனால் உங்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உண்மையில் ஐந்து மாதம்தானா? ஐந்தாறு வருடம் முன்பே எப்போதாவது 'ஹேர்பால் எக்கல்' வந்து போயிருக்கிறதா? வந்திருந்தால் கதையே வேறு. பழைய ஆஸ்துமா அல்லது நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, வயதோடு முற்றியிருக்கிறது என்று நினைக்கலாம். உண்மையிலேயே புதிது என்றால் கட்டி, புழு, தொற்று, தொண்டைப் பிரச்சினை எல்லாம் பட்டியலில் மேலே ஏறும்.

இருமல் எங்கிருந்து கிளம்புகிறது என்பதும் உதவும். இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் குரல்வளையிலும் மூச்சுக்குழாயிலும் அதன் பெரிய கிளைகளிலும்தான் அதிகம். நுரையீரலின் அடியாழத்துக் காற்றுப்பைகளில் அனேகமாகக் கிடையாது. எனவே நாள்பட்ட இருமல் என்றால் காற்றுப் பாதையில் எங்கோ உறுத்தல் இருக்கிறது. இதனால்தான் 'இதயமாக இருக்குமோ' என்ற பயத்துக்குப் பூனையில் நாயளவு இடமில்லை. இதயம் செயலிழக்கும் நாய் இருமும். பூனை இருமுவது அபூர்வம். அது வேகமாக மூச்சு விடும், ஒதுங்கிப் படுக்கும், சாப்பாட்டைக் குறைக்கும். ஆனாலும் இந்தப் பூனையின் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும், வேறொரு காரணத்துக்காக. வயதான பூனைகளில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் சத்தமில்லாமல் இருப்பது சகஜம். ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புக்கூடக் கேட்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட பூனைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் இதயச் செயலிழப்பு தூண்டப்படலாம். நீண்ட நாள் ஊசியில் உள்ள சிக்கலே இதுதான். மாத்திரை என்றால் நிறுத்தலாம், குறைக்கலாம். ஊசியைத் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாது. சர்க்கரை நோயும் அப்படியே. வயதான பூனையில் நீண்ட நாள் ஸ்டீராய்டு ஊசி அதைக் கிளப்பிவிடக் கூடியது.

உடல் பரிசோதனையை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. உங்கள் பூனைக்கு நான் அதில்தான் அதிக நேரம் செலவிடுவேன். குரல் மாறியிருக்கிறதா? கத்துவது கரகரப்பாகிவிட்டது, அல்லது சத்தமே வரவில்லை என்றால் குரல்வளையைப் பார்க்க வேண்டும். அங்கே தசை செயலிழப்பு, வீக்கம், கட்டி மூன்றும் வரலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் தொண்டைப் பக்கம். வெளியே விடும்போது இழுவையும் வயிற்றுத் தள்ளலும் இருந்தால் கீழ் மூச்சுக்குழாய்ப் பக்கம். ஒரு பக்க மூக்கில் மட்டும் சளியோ ரத்தமோ வருகிறதா? மூக்கின் பின்புறத்திலிருந்து சளி தொண்டைக்குள் வடிந்தாலும் பூனை இருமும். புல்லைக் கடிக்கும் பூனைகளில் ஒரு புல் இதழ் பின்மூக்கில் ஏறி மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் உண்டு. கழுத்தில் தைராய்டு தட்டுப்படுகிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும் கிழப் பூனையில் அது முக்கியம். மார்பின் முன்பகுதியை இரு பக்கமும் மெல்ல அழுத்தினால் பூனைக்கு அது வளைந்து கொடுக்கும். கெட்டியாக நின்றால் உள்ளே கட்டியோ நீரோ இருக்கலாம்.

கடைசியாகப் பாதங்கள். இருமலுக்கும் பாதத்துக்கும் என்ன என்று கேட்பீர்கள். பூனையின் நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரு விசித்திரமான பழக்கம்: அது கால் விரல்களுக்குப் பரவும். விரல் வீங்கும், நகம் கோணலாக வளரும், பூனை நொண்டும். நானே ஒருமுறை இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு 13 வயதுப் பூனைக்கு நகச்சுற்று என்று மூன்று வாரம் மருந்து கொடுத்தேன். இரண்டாவது விரலும் வீங்கிய பிறகுதான் மார்பை எக்ஸ்ரே எடுத்தேன். இத்தனைக்கும் அது ஒருநாள்கூட இருமவில்லை. அதிலிருந்து இருமுகிற கிழப் பூனை என்றால் ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

சரி, எக்ஸ்ரேக்கு வருவோம். 'பெரிதாக ஒன்றும் இல்லை' என்பதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை படம் எடுத்தார்கள்? ஒன்று மட்டும் என்றால் அது போதாது. வலப்பக்கம் படுக்க வைத்து ஒன்று, இடப்பக்கம் ஒன்று, நேராக ஒன்று என மூன்று வேண்டும். படுத்திருக்கும் பக்கத்து நுரையீரல் அமுங்கிக் காற்றிழந்து விடுவதால் அந்தப் பக்கத்துச் சிறு கட்டி படத்தில் கரைந்துபோகும். மூச்சு முழுதாக உள்ளே இழுத்த நேரத்தில் எடுத்த படமா என்பதும் கேள்வி. மூச்சுக்குழாய் சுவர் தடித்திருந்தால், குறுக்கே தெரியும் குழாய்கள் சின்னச் சின்ன வளையங்களாகவும், நீளவாக்கில் தெரிபவை தண்டவாளம் போல இரட்டைக் கோடுகளாகவும் தெரியும். நுரையீரலின் வலது நடு மடல் சளி அடைத்துச் சுருங்கிக் கிடப்பதும் ஒரு அடையாளம். இவை எதுவும் இல்லாவிட்டாலும் ஆஸ்துமா இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. சுத்தமான எக்ஸ்ரேயோடு ஆஸ்துமா பூனைகள் உண்டு. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். வயதான பூனையின் இதயம் மார்பெலும்பின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும், பெருந்தமனி வளைந்து புடைக்கும். நேர்ப் படத்தில் அது நுரையீரல் கட்டி போலவே ஏமாற்றும். படங்களைப் பிரதி வாங்கி, எக்ஸ்ரே படிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு நிபுணரிடம் மறுபடி காட்டச் சொல்லுங்கள். பூனைக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத சோதனை அது.

ரத்தப் பரிசோதனை இருமலின் காரணத்தை நேராகச் சொல்வது குறைவு. ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் கூடியிருந்தால் ஒவ்வாமை அல்லது புழு என்று ஒரு கண் ஜாடை கிடைக்கும். கூடாவிட்டால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் 14 வயதில் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றும் தெரியாமல் ஸ்டீராய்டையோ மயக்க மருந்தையோ தொடக் கூடாது. இதயத்துக்கு எக்கோ முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் இதயத் தசை இழுபடுவதைக் காட்டும் புரோ-பிஎன்பி என்ற ரத்தச் சோதனை இருக்கிறது.

புழு. இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏலூரோஸ்ட்ராஞ்சைலஸ் என்ற நுரையீரல் புழுவின் குஞ்சுகள் நத்தைக்குள் வளரும். அந்த நத்தையைத் தின்ற எலி, பறவை, பல்லி, தவளை எதையாவது பூனை வேட்டையாடினால் தொற்றிக்கொள்ளும். நுரையீரலில் பொரிக்கும் குஞ்சுகள் இருமலோடு மேலே வந்து, விழுங்கப்பட்டு, மலத்தில் இறங்கும். சாதாரண மலப் பரிசோதனையில் அவை பெரும்பாலும் தப்பிவிடும். பேர்மன் முறை என்று கேட்டுச் செய்யச் சொல்ல வேண்டும்: புது மலத்தைத் துணியில் கட்டி வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டால், உயிருள்ள குஞ்சுகள் நீந்தி வெளியே வந்து அடியில் தங்கும். தினமும் வெளியேறாது என்பதால் மூன்று நாள் மாதிரி வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், டாக்டரின் கணக்குப்படி ஃபென்பெண்டசோல் என்ற புழு மருந்தைச் சில நாட்கள் கொடுத்தே விடலாம். ஸ்டீராய்டுக்கு முன்னால் செய்யக்கூடிய எளிய வேலை அது. உங்கள் பூனை பத்து வருடமாக வீட்டைத் தாண்டியதே இல்லை என்றால் இதன் வாய்ப்பு மிகக் குறைவுதான். பல்லி பிடிக்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

இதயப் புழு வேறு சங்கதி. அது கொசுவால் வருவது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையும் தப்பாது. அந்த நோய் உள்ள பகுதியில் இருப்பவர்கள் மட்டும் இதை நினைத்தால் போதும். பெயர் இதயப் புழு என்றாலும் பூனையில் அடி வாங்குவது நுரையீரல். முழுதாக வளராத புழுக்கள் நுரையீரல் தமனிக்கு வந்து சேரும்போதே அழற்சி கிளம்பி, ஆஸ்துமாவிலிருந்து பிரிக்க முடியாத இருமலைக் கொடுக்கும். வழக்கமான ஆன்டிஜென் சோதனை வளர்ந்த பெண் புழுவைத்தான் கண்டுபிடிக்கும். பூனையில் இருப்பதே ஒன்றிரண்டு புழு என்பதால் 'இல்லை' என்று வருவதை நம்ப முடியாது. புழுவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பொருளைத் தேடும் ஆன்டிபாடி சோதனையும் சேர்த்துப் பார்ப்பார்கள். நாய்க்குக் கொடுப்பது போலப் புழுவைக் கொல்லும் மருந்து பூனைக்குக் கொடுப்பதில்லை. செத்த புழுவே அதன் உயிருக்கு ஆபத்து.

இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக் என்றீர்கள். எது என்று பெயரைப் பாருங்கள். அமாக்ஸிசிலின் வகை என்றால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியை இன்னும் தொடவே இல்லை என்று அர்த்தம். அந்தக் கிருமிக்குச் செல் சுவரே கிடையாது. அந்த வகை மருந்தோ சுவரைத்தான் உடைக்கும். அதற்கு டாக்ஸிசைக்ளின் வேண்டும். அந்த மாத்திரையை வெறும் வாயில் போட்டுவிட்டு விடாதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, அந்த இடம் சுருங்கிப் போய்விடும். பின்னாலேயே சில மில்லி தண்ணீரோ ஈர உணவோ உள்ளே போக வேண்டும். இன்னொன்று: வலிப்புக்காகப் பொட்டாசியம் புரோமைடு சாப்பிடும் பூனைக்கு அந்த மருந்தே இருமலைக் கொண்டுவரலாம்.

இவ்வளவும் முடிந்து இன்னும் விடை இல்லையென்றால் சிடி ஸ்கேனும் மூச்சுக்குழாய் கழுவலும் இருக்கின்றன. எக்ஸ்ரே காட்டாத சிறு கட்டி, பின்மூக்கு, சுருங்கிய மடல் எல்லாவற்றையும் சிடி காட்டும். சில இடங்களில் லேசான மயக்கத்திலேயே எடுக்கிறார்கள். கழுவல் என்பது மூச்சுக்குழாய்க்குள் சில மில்லி உப்பு நீரை விட்டு உறிஞ்சி, அதில் உள்ள அணுக்களை எண்ணுவது. ஈசினோபில் மிகுந்திருந்தால் ஆஸ்துமா அல்லது புழு. நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளையணு மிகுந்திருந்தால் நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி அல்லது தொற்று. சில சமயம் புற்றணுக்களே நேரில் வந்து நிற்கும். நலமான பூனையிலும் ஓரளவு ஈசினோபில் இருக்கும் என்பதால் கொஞ்சம் இருந்ததுமே ஆஸ்துமா என்று குதிக்கக் கூடாது. இதற்கு முழு மயக்கம் தேவை, மூச்சுக்குழாய் இறுகும் ஆபத்தும் உண்டு. உங்கள் பூனையின் இதயமும் சிறுநீரகமும் சுமாராக இருந்தால் நான் செய்வேன். ஏற்கெனவே ஒரு உறுப்பு தடுமாறுகிறது என்றால் செய்ய மாட்டேன். விடை தெரிந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை என்ற நிலையில் ஒரு கிழப் பூனையை மயக்கத்தில் கிடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

கழுவல் வேண்டாம் என்று முடிவெடுத்தால், வரிசையாகக் கொடுத்துப் பார்க்கும் வழி இருக்கிறது. புழு மருந்து, பிறகு டாக்ஸிசைக்ளின், அப்புறம்தான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. இரண்டை ஒரே நேரத்தில் தொடங்கக் கூடாது. இருமல் நின்றால் எது நிறுத்தியது என்று தெரியாமல் போகும். பிரெட்னிசோன் அல்ல, பிரெட்னிசோலோன். முதலாவதைப் பூனையின் உடம்பு சரியாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளாது. கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே ஒரு நாட்காட்டியில் தினமும் எத்தனை இருமல், உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குறியுங்கள். உறங்கும் பூனைக்கு 30-க்குள் இருக்க வேண்டும். குறித்து வைக்காத பட்சத்தில் 'ஏதோ தேவலாம் போலிருக்கிறது' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. மூச்சுக்குழாய் அழற்சி என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் நன்றாகவே தெரியும். குறைந்தால் அளவை மெல்ல இறக்கி, புளூட்டிகாசோன் என்ற ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு மாற்றலாம். முகமூடி பொருத்திய ஸ்பேசர் குழாய் வழியாக ஏழெட்டு மூச்சு இழுக்க வைக்க வேண்டும். அது வேலை செய்யத் தொடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் மாத்திரையும் கொஞ்ச நாள் கூடவே ஓட வேண்டும். கிழப் பூனை ஒத்துக்கொள்ளாது என்பார்கள். முதலில் வெறும் முகமூடியைக் காட்டித் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலானவை ஒத்துக்கொள்கின்றன. குறைந்த இருமல் மறுபடி கூடினாலோ, இருமல் நின்றும் எடை இறங்கிக்கொண்டே போனாலோ, அது சாதாரண அழற்சி இல்லை. சிடி ஸ்கேனை மறுபடி யோசியுங்கள்.

இதற்கிடையில் வீட்டில் சிகரெட் புகை, கொசுவர்த்தி, வாசனை ஸ்பிரே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மலத்தொட்டி மணலைக் கொட்டும்போது தூசி எழும்பினால் வேறு வகைக்கு மாறுங்கள். மனிதர்களின் இருமல் மருந்து ஒரு சொட்டும் வேண்டாம். அதில் பாரசிட்டமால் கலந்திருந்தால் அதுவே பூனையைக் கொன்றுவிடும். தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் ஆவியும் வேண்டாம்.

உறங்கும்போது மூச்சு எண்ணிக்கை 30-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ, படுக்க முடியாமல் குந்தியபடி கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தாலோ, எந்தச் சோதனையைப் பற்றியும் யோசிக்க வேண்டாம், வீடியோவும் எடுக்க வேண்டாம். கூடையில் வைத்து, போனில் சொல்லிவிட்டு, உடனே கிளம்புங்கள். வழியில் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறும் பூனையைத் தொடாமல் விடுவதுதான் அதற்கு நல்லது.